மது எங்கே படிக்கிறாள்?

1

போன சனிக்கிழமை என் மகள் மது தமிழில் பதில் சொன்னாள். உச்சரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் பிறந்து வளர்ந்த பெண், இருபது வயது, நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள். அவள் அப்படிப் பேசியதைக் கேட்டால் வேறு எந்த அப்பனும் ஊருக்கெல்லாம் போன் போட்டுப் பெருமையடித்திருப்பான். நான் காருக்குள் போய் உட்கார்ந்து அழுதேன்.

அவள் என்ன சொன்னாள் என்பதைக் கடைசியில்தான் சொல்ல முடியும். முன்கதை தெரியாமல் கேட்டால், இதற்கா இந்த மனுஷன் அழுதான் என்று உங்களுக்குத் தோன்றும். இந்தக் குறிப்பில் மது பேசுவதெல்லாம் ஆங்கிலம், நான்தான் தமிழாக்கி எழுதுகிறேன். அந்தப் பதில் மட்டும் அவள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கும்.

இங்கே சனிக்கிழமைதோறும் ஒரு பள்ளிக் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்துத் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். மூன்றாம் நிலைப் பிள்ளைகளுக்கு நான் வாத்தியார். வார நாட்களில் ஒரு கம்பெனியில் இயந்திரங்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்க்கிற வேலை, சனிக்கிழமை லகர ளகர ழகரம். பிள்ளைகளை விடவரும் பெற்றோர் வகுப்பு முடியும்வரை பார்க்கிங் லாட்டில் காபியோடு நின்று பேசுவார்கள். அந்தப் பேச்சைவிட எனக்குப் பயம் தருவது அங்கே நிற்கும் கார்களின் பின்கண்ணாடிகள்.

பிள்ளை எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததோ அதன் பெயரைப் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொள்வது இந்த ஊர் வழக்கம். எங்கள் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் வண்டி வெளியே போகும் முன் கண்ணாடியில் குலதெய்வத்தின் பெயரை எழுதுவார்கள். ஏறக்குறைய அதே பக்திதான் இங்கேயும். என் கார்க் கண்ணாடி இரண்டு வருடமாகக் காலியாக இருக்கிறது.

"என்ன சார், மது எங்க படிக்கிறா? கண்ணாடில ஒண்ணையும் காணோமே?" என்று கணேசன் கேட்பார். நல்ல மனிதர், எங்கள் தமிழ் வகுப்புக்கு வரவு செலவு பார்க்கிறவர், இரண்டு பிள்ளைகளின் பல்கலைக்கழகங்களும் அவர் கண்ணாடியில் இருக்கின்றன.

"லோக்கல்லதாங்க. வீட்டுலருந்தே போயிட்டு வர்றா" என்று சொல்லிவிட்டு ஒரு அரைச் சிரிப்புச் சிரிப்பேன். அதில் பொய் என்று எதையும் காட்ட முடியாது. இரண்டு வருடம் அந்த வார்த்தைகளை அப்படியே மனப்பாடமாகச் சொன்னேன்.

2

மது படிப்பது கம்யூனிட்டி காலேஜில். ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இதில் யாரும் சேரலாம், மதிப்பெண்ணைக் காட்டி விரட்ட மாட்டார்கள். இரண்டு வருடம் இங்கே படித்துவிட்டு அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்றாம் ஆண்டில் போய்ச் சேரலாம். டிரான்ஸ்ஃபர் என்பார்கள். கடைசியில் வாங்குகிற பட்டம் முதல் நாளிலிருந்தே அங்கே படித்தவர் வாங்குகிற அதே பட்டம்தான். நம்மூரில் பாலிடெக்னிக் முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர்வார்களே, லேட்டரல் என்ட்ரி, அதற்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லேட்டரல் என்ட்ரியைப் பற்றி யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. நான் லேட்டரல்தான். இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுவே முதல் தடவை.

பத்தாம் வகுப்பு முடித்ததும் கரூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் மெக்கானிக்கல் படித்தேன். பிறகு கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு. வருகைப் பதிவேட்டில் அறுபது பெயர்கள் அகர வரிசையில் முடிந்த பிறகு, அதற்குக் கீழே எங்கள் ஆறு பேரின் பெயர்களைப் பேனாவால் எழுதியிருந்தார்கள். முதல் நாள் கணக்கு வாத்தியார் உள்ளே வந்தவுடன் கேட்டார்: "டிப்ளமோவுல இருந்து வந்தவங்கல்லாம் கையத் தூக்குங்க." தூக்கினோம். எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சரி, இறக்குங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட மறந்துபோயிருக்கும்.

லேத் பட்டறையில் அந்த அறுபது பேரும் எங்களிடம்தான் வந்து நிற்பார்கள். பற்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தே கோளாறு சொல்வோம். அந்தப் பெருமையெல்லாம் பட்டறைக்குள் மட்டும். வேலைக்கு மனுப் போட்டபோது பி.இ. என்று மட்டும் எழுதினேன். கல்யாண ஜாதகத்தோடு போன குறிப்பிலும் பி.இ. மட்டும்தான். என் மனைவி சுமதிக்கு இது தெரிந்ததே விசாவுக்காகச் சான்றிதழ்களை அடுக்கியபோதுதான். டிப்ளமோ சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, இதையெல்லாமா ஒளிப்பாங்க?" என்று சிரித்தாள். ஆனால் அவளும் அவள் வீட்டில் சொல்லவில்லை. மதுவிடம் சொல்ல வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

3

மது ஒன்பதாம் வகுப்பைக் கொரோனாவில் கட்டிலில் உட்கார்ந்தபடியே முடித்தவள். அந்த அசமந்தத்திலிருந்து எழுந்திருக்க அவளுக்கு இரண்டு வருடம் பிடித்தது. அவளுக்கு சிவில் இன்ஜினியரிங் வேண்டும், அதிலும் பாலம் கட்ட வேண்டும். வளைகுடாவின் மேல் போகும் பாலத்தில் காரில் போகும்போதெல்லாம் தூண்களை எண்ணிக்கொண்டு வருவாள். பள்ளி முடித்து விண்ணப்பம் போட்டபோது, அவள் கேட்ட இடங்களில் கேட்ட படிப்பு கிடைக்கவில்லை.

அழுது முடித்தபின் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து அவளே எங்களுக்கு விளக்கினாள். "கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம். எந்தப் பாடம் எதற்குச் சமம் என்று இங்கே பட்டியல் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் அரசுப் பல்கலைக்கழகத்தில் சிவில். செய்து காட்டுகிறேன் அப்பா." பதினெட்டு வயதில் எனக்கு அந்தத் தெளிவு இருந்ததில்லை.

நான் சம்மதித்தேன். கூடவே ஒரு நிபந்தனை போட்டேன். "யார்கிட்டயும் இப்பச் சொல்லிக்க வேண்டாங் கண்ணு. டிரான்ஸ்ஃபர் ஆனதுக்கப்புறம் சொல்லிக்கலாம்."

"ஏன்?"

"சும்மாதான்."

முதல் வாரமே கல்லூரியின் பெயர் போட்ட பச்சை ஸ்வெட்டர் ஒன்றை வாங்கி வந்து போட்டுக்கொண்டாள். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மளிகை வாங்க மோரி அவென்யூவில் இருக்கும் இந்தியக் கடைக்குக் கிளம்பினோம். அங்கே போனால் தெரிந்த முகங்கள் நாலாவது இருக்கும். காரை நிறுத்தியதும் சொன்னேன்: "அதைக் கழட்டி வெச்சுட்டு வா கண்ணு. உள்ள வெக்கையா இருக்கும்." குளிர்காலம் அது. மது என்னைப் பார்த்தாள், ஸ்வெட்டரைப் பார்த்தாள், கழற்றிப் பின்சீட்டில் போட்டாள். அதற்குப் பிறகு அதை அவள் போட்டு நான் பார்க்கவில்லை.

அந்த வருடம் ஒருநாள் அவள் கார் மெக்கானிக்கிடம் இருந்ததால் நானே கல்லூரியில் கொண்டுபோய் விட்டேன். திரும்புகையில் பார்க்கிங் லாட்டில் எதிரே செல்வம். மதுரைக்காரர், தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் எனக்குப் பக்கத்தில் நின்று சாம்பார் ஊற்றுகிறவர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டோம், ஒளிய வழியில்லை.

"என்னண்ணே, இந்தப் பக்கம்?"

"பேட்மின்டன் கோர்ட் இருக்குன்னாங்க, பாக்கலாம்னு. நீங்க?"

"வாக்கிங்ணே. இங்க டிராக் நல்லாருக்கு."

அவர் காலில் ஆபீஸ் ஷூ. என் கையில் மதுவுக்காகக் கட்டி எடுத்துவந்து கொடுக்க மறந்த சாப்பாட்டு டப்பா. இருவரும் எதையும் கவனிக்காதது போலக் கையாட்டிவிட்டுப் பிரிந்தோம்.

4

இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

பொறியியலுக்கு இயற்பியல் மூன்று பகுதிகள் படிக்க வேண்டும். முதல் பகுதியில் மது பி வாங்கினாள். வாத்தியார் கடுமையானவர், பி என்பதே நல்ல மதிப்பெண் என்றாள். எனக்குள் இருந்த பாலிடெக்னிக்காரன் விழித்துக்கொண்டான். பக்கவாட்டில் நுழைகிறவன் முன்வாசலில் நுழைகிறவனைவிட அதிக மதிப்பெண் வைத்திருக்க வேண்டும். அவனுக்கு அவ்வளவுதான் தெரியும்.

தமிழ்ப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டிருக்கும். எந்தக் கல்லூரியில் எந்த வாத்தியார் தாராளமாக ஏ போடுவார் என்று விவரமாக இருக்கும். நம்மூரில் எந்த டியூஷனில் சென்டம் வரும் என்று விசாரிக்கிற அதே மூளை கடல் தாண்டி வந்து எக்செல் படித்திருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு கம்யூனிட்டி காலேஜில், கோடை வகுப்பில், இயற்பியல் இரண்டாம் பகுதி எடுப்பவருக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள்.

குழுவில் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பதுதான் விஷயம். "ஒரு ஃப்ரெண்டோட பொண்ணு கம்யூனிட்டி காலேஜ்ல படிக்கிறா. சம்மர்ல வேற காலேஜ்ல ஒரு பிசிக்ஸ் கிளாஸ் எடுத்தா டிரான்ஸ்ஃபர் ஆகுமா?" எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, அது தொடரின் எந்தப் பகுதி என்று எதையும் எழுதவில்லை. எழுதினால் அந்த ஃப்ரெண்டு யாரென்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயம். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: "ஆகும். தாராளமா எடுக்கலாம்." கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான்.

மது தயங்கினாள். எந்தப் பாடத்தை எங்கே எடுப்பது என்று ஆலோசனை சொல்லக் கல்லூரியில் கவுன்சிலர் என்று ஒருவர் உண்டு. "கவுன்சிலரைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் அப்பா. மூன்று வாரம் கழித்து நேரம் கொடுத்திருக்கிறார்கள்."

"மூணு வாரத்துல அங்க சீட்டு நிரம்பிடும் கண்ணு. கவுன்சிலரெல்லாம் படிப்பு ஏறாத பசங்களுக்கு. நான் விசாரிச்சுட்டேன்."

பாலிடெக்னிக் அலுவலக ஜன்னலில் "நாளைக்கு வா" என்ற ஒரே வாக்கியத்தை மூன்று வருடம் கேட்டவன் நான். ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் நமக்கு உதவத்தான் இருக்கிறார் என்பது இன்றுவரை என் மண்டையில் ஏறவில்லை. மது அந்தச் சந்திப்பை ரத்து செய்தாள். கோடை முழுக்கத் தினமும் மலை தாண்டிப் போய்வந்தாள், ஏ வாங்கினாள். சுமதி கேசரி கிளறினாள். மூன்றாம் பகுதியைத் திரும்பத் தன் கல்லூரியிலேயே படித்தாள். அதிலும் ஏ.

5

வசந்தத்தில் பதில் வந்தது. முன்தேவைப் பாடங்கள் நிறைவு பெறாததால் சிவில் இன்ஜினியரிங்குக்கு மதுவின் விண்ணப்பத்தை ஏற்க முடியவில்லை.

கணினி எங்கேயோ தவறு செய்துவிட்டது என்று முதலில் குதித்தேன். பிறகு மது, எந்தப் பாடம் எதற்குச் சமம் என்ற அந்தப் பட்டியலைத் திறந்து அடிக்குறிப்பைக் காட்டினாள். இயற்பியல் மூன்று பகுதிகளையும் ஒரே கல்லூரியில் முடித்திருந்தால்தான் அந்தப் பல்கலைக்கழகம் அதைத் தன் இயற்பியலுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளும். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று படித்தால் மதிப்பெண் நிற்கும், தொடர் நிற்காது. ஒரே மாநிலம், ஒரே அரசுப் பணம், இரண்டு கல்லூரிக்கும் நடுவே அரைமணி நேரம் கார்ப் பயணம், இரண்டு பக்கமும் ஒரே நியூட்டன். ஆனால் ஒரு கல்லூரி இரண்டாம் பகுதியில் வைத்திருக்கிற அத்தியாயத்தை இன்னொரு கல்லூரி மூன்றாம் பகுதியில் வைத்திருக்கிறது. நடுவில் விழுந்த அத்தியாயத்துக்கு மாணவர்தான் பொறுப்பு.

கவுன்சிலரைப் பார்க்க நானும் கூடப் போனேன். நரைத்த தலை, நிதானமான குரல், மேஜையில் காகிதக் கட்டுகள். ஒரு கவுன்சிலருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேட்டேன். அந்தம்மாள் சிரித்தார், எண்ணிக்கை சொல்லவில்லை. மதுவின் பாடங்களை விரலால் தொட்டுக்கொண்டே வந்தவர் அந்தக் கோடை வகுப்பில் நிறுத்தினார்.

"இதை அங்கே எடுக்கச் சொன்னது யார்?"

நான் என் செருப்பைப் பார்த்தேன். மது சொன்னாள்: "இணையத்தில் எங்கேயோ படித்தேன். என் முடிவுதான்."

"என்னிடம் பத்து நிமிடம் வந்திருந்தால் போதுமே, குழந்தை" என்றார் அந்தம்மாள். அவர் குரலில் கோபம் துளிகூட இல்லை, வருத்தம்தான் இருந்தது. நான்தான் என்று சொல்ல அப்போதுகூட வாய் வரவில்லை.

மிச்சம் இருந்த வழி, இரண்டாம் பகுதியை இந்தக் கல்லூரியில் மறுபடி படிப்பது. ஏற்கெனவே ஏ வாங்கிய பாடத்தைத் திரும்பப் படிக்க விதியில் இடமில்லை, மனுப் போட வேண்டும். மனுவில் ஒரு கட்டம்: பாடத்தை வேறு கல்லூரியில் எடுத்த காரணம். மது அதில் "சொந்தக் காரணங்கள்" என்று எழுதினாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மனு ஏற்கப்பட்டது. கூடச் சேர்ந்த தோழிகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்கள். மது மூன்றாவது வருடமாக அதே கல்லூரிக்குப் போய், தனக்குத் தெரிந்த பாடத்தை, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அடுத்த வருடம் சிவில் கிடைக்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. இப்போதெல்லாம் பாலத்தில் போகும்போது அவள் போனைப் பார்த்துக்கொண்டு வருகிறாள்.

6

யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. செல்வத்துக்குப் போன் செய்தேன். அன்று பார்த்தது பேட்மின்டனுக்காக இல்லை என்பதில் ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அண்ணே, என் பையனுக்கும் இதேதாண்ணே. அவனுக்கு கெமிஸ்ட்ரி. அங்க பாதி, இங்க பாதி. உங்களைப் பாத்த அன்னைக்கு, இந்தப் பிரச்சினைக்காக அவனக் கூட்டிக்கிட்டு ஆபீசுக்குப் போயிட்டுத்தான் வெளிய வந்தேன்."

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க."

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேண்ணே... இல்ல, பொய் சொல்றேன். சொல்லியிருக்க மாட்டேன். வாக்கிங்னுதான் சொல்லியிருப்பேன்."

அவர் அதைச் சொன்ன பிறகு எனக்கு அவர்மேல் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று. வாட்ஸ்அப் குழுவில் "ஃப்ரெண்டோட பொண்ணு" என்று நான் கேட்டதை அவரும் படித்திருக்கிறார். யாருடைய பெண்ணாக இருக்கும் என்று ஊகித்தும் இருக்கிறார். தனியாகச் செய்தி அனுப்பலாமா என்று யோசித்து, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டுவிடுவேனோ என்று விட்டுவிட்டார்.

மாநிலம் முழுக்க எல்லாக் கம்யூனிட்டி காலேஜிலும் ஒரே பாடத்துக்கு ஒரே எண் வைக்கப் போகிறார்களாம். நல்ல காரியம், சீக்கிரம் செய்யட்டும். கவுன்சிலர்களைக் கூட்டட்டும், அந்த அடிக்குறிப்பைக் கொட்டை எழுத்தில் பக்கத்தின் தலையில் போடட்டும். இதையெல்லாம் பற்றிக் கல்லூரிக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். எங்களைப் போன்றவர்களை என்ன செய்வது என்பதற்கு மட்டும் அந்தக் கடிதத்தில் என்னால் யோசனை எதுவும் எழுத முடியவில்லை.

7

போன வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது மதுவிடம் சொல்லிவிட்டேன். பாலிடெக்னிக், கோயம்புத்தூர், பதிவேட்டின் கடைசியில் பேனாவால் எழுதிய ஆறு பெயர்கள், தூக்கிய கை. சுமதி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

மது முழுவதும் கேட்டாள். "அப்படியென்றால் நீங்களும் டிரான்ஸ்ஃபர்."

"ஆமாங் கண்ணு."

"எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் உங்களுக்கு அவமானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றாள். தட்டை எடுத்துப்போய்க் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போனாள். மறுநாள் அவள் கல்லூரிக்குப் போன பிறகு அந்த ஸ்வெட்டரைத் தேடினேன். துணி அலமாரியின் அடியில், பெயர் உள்பக்கமாக வரும்படி மடித்து வைத்திருந்தது.

இனி யார் கேட்டாலும் கல்லூரியின் பெயரைச் சொல்வது என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை ஆண்டு விழா ஒத்திகைக்கு மைக், ஒலிபெருக்கி எல்லாம் கொண்டுபோக வேண்டியிருந்தது. தன் காரில் ஏற்றிவருவதாக மது சொன்னாள், நானும் அவளோடு போனேன். பார்க்கிங் லாட்டில் இறங்கியதும் கணேசன் வந்தார். நான் தயாராக இருந்தேன். ஆனால் இந்த முறை அவர் என்னைக் கேட்கவில்லை.

"அட, மதுவா! பாத்து எவ்ளோ நாளாச்சு. இப்ப எங்கம்மா படிக்கிற?"

நான் வாயைத் திறந்தேன். மது என்னை ஒரு கணம் பார்த்தாள், அவர் பக்கம் திரும்பினாள்.

"லோக்கல்லதாங்க அங்கிள். வீட்டுலருந்தே போயிட்டு வர்றேன்."

அந்த "ங்க" என்னுடையது. கடைசியில் வந்த அரைச் சிரிப்பும் என்னுடையது. சொல்லிவிட்டு அவள் காரின் பின்பக்கம் போய் ஒலிபெருக்கியை இறக்க ஆரம்பித்தாள்.

கணேசனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "பாத்தீங்களா! எவ்ளோ அழகாத் தமிழ் பேசுது புள்ள! எங்க வீட்லயும் ரெண்டு இருக்கே, வாயத் தொறந்தா ஒரு வார்த்தை வராது." என் தோளில் தட்டினார். "நீங்க சொல்லிக் குடுத்ததுல்ல சார்!"